அந்த நுரையை நான் மறைத்தேன்

பக்கத்துத் தோட்டத்துக் கிணறு வற்றியதற்கு நான்தான் காரணம். தெரியாமல் நடந்ததல்ல, தெரிந்தே செய்தேன். என் தோட்டத்தில் ஆழ்துளைக் கிணறு, எங்கள் பேச்சில் போர், ஓட்டிய இரவிலேயே அதற்கான ஆதாரத்தைக் கண்ணால் பார்த்தேன். பார்த்ததை உரியவரிடம் சொல்லாமல், இன்னும் ஆழம் போகச் சொன்னேன். அதன் பிறகு இத்தனை வருடங்களாக, "புது டெக்னாலஜி வந்துச்சு, காலம் மாறிப்போச்சு" என்ற பொதுப்பேச்சுக்குள் என் செயலை ஒளித்து வைத்திருந்தேன். இனியும் ஒளிக்க மனம் ஒப்பவில்லை.

சட்டம் என்னைக் குற்றவாளி என்று சொல்லாது. தன் நிலத்துக்கு அடியில், இன்ன வழி என்று தெரியாமல் பரவியிருக்கும் தண்ணீரைத் தன் எல்லைக்குள் எடுத்துக்கொள்ள நிலத்துக்காரருக்கு உரிமை உண்டு என்கிறது 1882ஆம் ஆண்டு ஈஸ்மென்ட் சட்டம். மாட்டையும் கயிற்றையும் வைத்துத் தண்ணீர் இறைத்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. தமிழ்நாட்டில் 2003இல் நிலத்தடி நீருக்கென்று தனிச் சட்டம் ஒன்று நிறைவேறியது. நடைமுறைக்கு வராமலேயே 2013இல் அது நீக்கப்பட்டது. ஆகவே என்னைக் கேள்வி கேட்க யாருக்கும் வழியில்லை. நானே சொன்னால்தான் உண்டு.

எங்கள் ஊர் அவிநாசிக்குப் பக்கம். வடக்கே பவானி, தெற்கே நொய்யல் என்று ஆறுகள் இருந்தாலும் எங்களுடையது வாய்க்கால் பாயாத மேட்டுக்காடு. நல்ல வருடத்தில் 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்யும். அதில் பத்தில் ஒரு பங்கு பூமிக்குள் இறங்கினாலே அதிகம். மேலே கொஞ்சம் மண், அதற்குக் கீழே உதிர்பாறை, அதற்கும் கீழே கெட்டிப்பாறை. தண்ணீர் தங்குவது பெரும்பாலும் அந்த உதிர்பாறையில்தான். கெட்டிப்பாறையில் இருப்பவை வெடிப்புகள். தண்ணீரைக் கடத்துவதுதான் அவற்றின் வேலை, சேர்த்து வைக்க அங்கே இடம் கிடையாது. ஐந்நூறு அடியில் ஒரு வெடிப்பைத் துளைத்து நான் எடுக்கும் தண்ணீர், ஊரார் கிணறுகளில் ஊற வேண்டிய தண்ணீர்தான். இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்புத் தேவையில்லை. எனக்கு அன்றைக்கே புரிந்திருந்தது.

என் அப்பா சிறுவயதில் மாடு பூட்டிக் கிணற்றுநீர் இறைக்கும் கவலை ஓட்டியவர். மாடுகள் வாரிச் சரிவில் இறங்கும்போது தண்ணீர் நிறைந்த பறி மேலே வரும். பின்னால் ஏறும்போது பறி கிணற்றுக்குள் போகும். விடிவதற்கு முன்பு பூட்டினால் வெயில் ஏறும்வரை இறைப்பார்கள். அதற்கு மேல் மாடு தாங்காது. மாடு இளைப்பாறும் நேரத்தில் கிணறு ஊறிவிடும். ஒரு ஜோடி மாடு இறைக்கிற அளவுக்குத்தான் வெள்ளாமை வைக்க முடியும். பக்கத்துக் காட்டுக்காரர் இரண்டு ஜோடி மாடு பூட்டினாலும் உங்கள் கிணற்றை உலர்த்திவிட முடியாது. அந்தக் காலத்து மனிதர்கள் எங்களைவிட நல்லவர்கள் என்று சொல்ல மாட்டேன். வரப்புச் சண்டையில் மண்டை உடைத்துக்கொண்டவர்கள்தான். ஆனால் தண்ணீர் விஷயத்தில் அவர்களுடைய பேராசைக்கு மாட்டின் பலம் எல்லை கட்டியிருந்தது. அந்த எல்லையை யாரும் எழுதிவைக்கவில்லை. ஊர்ப் பஞ்சாயத்தும் அதற்குத் தேவைப்படவில்லை.

பிறகு ஒன்றன்பின் ஒன்றாகப் புதுமைகள் வந்தன. 1930களில் பைக்காராவிலிருந்து கோவைப் பக்கம் மின்சாரம் வந்தது. 1937இல் ஜி.டி. நாயுடுவும் பாலசுந்தரம் நாயுடுவும் இந்தியாவிலேயே செய்யப்பட்ட முதல் மின்மோட்டாரை உருவாக்கினார்கள். கோவை பம்புசெட் நாட்டின் மூலைமுடுக்கெல்லாம் போனது. சோளமும் கம்பும் மட்டும் விளைந்த காட்டில் பருத்தியும் புகையிலையும் தக்காளியும் விளைந்தன. என்னைப் படிக்க வைத்தது அந்த மோட்டார்தான். அதைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

பாறையைத் துளைக்கும் ரிக் வண்டியையும் அப்படியே குறை சொல்லிவிட முடியாது. 1966-67இல் பிகாரில் பெரும் வறட்சி வந்தபோது, மக்கள் குடிக்கத் தண்ணீர் கிடைக்கவேண்டும் என்றுதான் யுனிசெப் அந்த வகை எந்திரங்களை இந்தியாவுக்குக் கொண்டுவந்தது. கம்ப்ரஸர் காற்றின் வேகத்தில் துளையின் அடியிலேயே சுத்தியல் அடிக்கும். உடைந்த தூளை அதே காற்று மேலே தள்ளிவிடும். பழைய எந்திரங்கள் வாரக்கணக்கில் குத்தித் துளைத்த பாறையை இது ஒரு நாளில் துளைத்தது. அந்தத் துளைகளின் மேல் 'இந்தியா மார்க் 2' கைப்பம்புகள் நின்றன. படிக்கிணற்றுத் தண்ணீரைக் குடித்ததால் காலில் நரம்புச் சிலந்தி கண்டு மாதக்கணக்கில் படுத்துக் கிடந்தவர்கள் இந்த நாட்டில் ஏராளம். அந்த நோய் ஒழிந்துவிட்டது என்று 2000இல் உலக சுகாதார நிறுவனம் சான்று அளித்தது. அதில் இந்தப் போர்க்குழாய்களுக்குப் பெரிய பங்கு உண்டு. ஒரு கருவி லட்சக்கணக்கான பெண்களின் தலைச்சுமையை இறக்கிவைத்ததை நான் மறந்துவிடக் கூடாது.

அதே எந்திரத்தை என் தோட்டத்துக்கு நான் கூட்டிவந்தது வேறு நோக்கத்துக்காக.

2003. மழை பொய்த்துக்கொண்டே வந்த காலம். எங்கள் கிணற்றில் காலையில் ஒரு மணிநேரம் மோட்டார் ஓடினால் மாலைவரை காத்திருக்க வேண்டும். எனக்கு வாழை இருந்தது, இளம் தென்னை இருந்தது, கடனும் இருந்தது. கிழக்கே ஒரே வரப்பு தாண்டி அப்பாவின் சிநேகிதர் தோட்டம். மாமா என்றுதான் கூப்பிடுவேன். மூன்று ஏக்கர், ஒரு கிணறு, நான்கு கறவை மாடுகள். அவருடைய கிணற்றில் எங்களுடையதைவிட ஊற்று நன்றாக இருந்தது. நீரோட்டம் பார்த்தவர் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு நடந்து, கடைசியில் காலை ஊன்றிய இடம் அந்தக் கிழக்கு வரப்பின் ஓரம். வேறு இடமும் ஒன்று காட்டினார். மேற்கே, தள்ளி. நான் கிழக்கைத்தான் தேர்ந்தெடுத்தேன். மாமா கிணற்றின் ஊற்று அந்தத் திசையில் இருப்பது எனக்குத் தெரியும். அதுதான் காரணம். இதற்குமுன் யாரிடமும் இதை நான் சொன்னதில்லை.

திருச்செங்கோட்டு வண்டி இரண்டும் மாலையில் வந்து சேர்ந்தன. ஒன்று ரிக், ஒன்று கம்ப்ரஸர். எலுமிச்சம்பழம் அறுத்துக் குங்குமம் தடவி, கற்பூரம் காட்டி ஆரம்பித்தோம். முதலில் செம்மண், பிறகு கேசிங் பைப் இறங்கியது, பிறகு வெள்ளைப் புகையாகப் பாறைத்தூள். மரம், மாடு, மனிதர் எல்லாவற்றின் மேலும் மாவு போலப் படிந்தது. நூற்றைம்பது அடி தாண்டியதும் தூள் ஈரமாகி, சேறாகி, கொஞ்சம் தண்ணீரும் வந்தது. அப்போதுதான் எங்கள் தோட்டத்தில் வேலைக்கு இருந்த பையன் ஓடி வந்தான். வண்டிக்காரர்களுக்குக் குடிக்கத் தண்ணீர் எடுக்க மாமா கிணற்றுக்குப் போயிருந்தவன்.

"அண்ணா, மாமங் கெணத்துல தண்ணி கொதிக்கற மாதிரி இருக்குதுங்."

டார்ச்சை எடுத்துக்கொண்டு போனேன். கிணற்றின் மேற்குப் பக்கம், நீர்மட்டத்துக்கு அடியில் பாறைச் சந்திலிருந்து குமிழி குமிழியாகக் காற்று வந்துகொண்டிருந்தது. மேலே நுரை கட்டி நின்றது. தண்ணீர் பால்போல வெளுத்திருந்தது. எங்கள் துளையில் அடித்த காற்று அவர் கிணற்றில் வெளியே வந்துகொண்டிருந்தது. இரண்டும் ஒரே ஓட்டம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டியதில்லை.

திரும்பி வந்து வண்டி ஓட்டுநரிடம் மட்டும் சொன்னேன். அவர் மோட்டார் சத்தத்தைக் குறைத்துவிட்டுக் கேட்டார்: "அந்த வெடிப்பைப் பைப்பு எறக்கி அடச்சுட்டுக் கீழ போலாமுங்க. அந்தத் தண்ணி வராது, செலவு கொஞ்சம் ஆகும். என்ன பண்றதுங்க?"

யோசிக்க எனக்கு நேரம் கொடுத்தார். அவசரத்தில் செய்துவிட்டேன் என்று நான் சொல்ல முடியாது. அடைத்தால் கிடைத்த தண்ணீரும் போகும், காசும் போகும் என்று கணக்குப் போட்டேன். "அடைக்க வேண்டாம், அப்படியே போங்க" என்றேன். பையனிடம், "மாமாகிட்ட ஒண்ணும் சொல்லாத" என்றேன். எண்ணூறு அடி தாண்டி நிறுத்தினோம்.

விடிகாலையில் தண்ணீர் பனைமர உயரத்துக்குப் பீய்ச்சியடித்தது. சத்தம் கேட்டு மாமா தோளில் துண்டோடு வந்தார். ஓடிவரும் சேற்றுத் தண்ணீரை இரண்டு கையாலும் அள்ளித் தலையில் தெளித்துக்கொண்டார். "கங்கம்மா கண்ணத் தொறந்துட்டா. நல்லா இரு கண்ணு" என்றார். நான் தலையைக் குனிந்து அந்த வாழ்த்தை வாங்கிக்கொண்டேன்.

அந்தக் கோடையில் அவர் கிணற்றில் ஊற்று நின்றது. கிணற்றுக்குள் இறங்கிப் பக்கப் போர் போட்டுப் பார்த்தார், புகைதான் வந்தது. கடன் வாங்கி மேலே ஒரு போர் ஓட்டினார், அதிலும் புகைதான். மாடுகள் ஒவ்வொன்றாகச் சந்தைக்குப் போயின. குடிக்கத் தண்ணீருக்கு அவர் வீட்டு அத்தை குடத்தோடு எங்கள் தொட்டிக்கு வந்தார். எந்நேரமும் எடுத்துக்கொள்ளலாம் என்று சொல்லி, வரப்பு ஓரம்வரை ஒரு குழாயும் போட்டுக் கொடுத்தேன். அதற்காக ஊரில் எனக்கு நல்ல பெயர். தண்ணீர் கேட்டால் இல்லை என்று சொல்லாதவன் என்றார்கள். அவர்களுடைய தண்ணீரை அவர்களுக்கே குடம் குடமாகக் கொடுத்துவிட்டு, தருமம் செய்தவனாக நடமாடினேன். நான் செய்தவற்றில் இப்போது என்னை அதிகம் உறுத்துவது இதுதான்.

இதோடும் நிற்கவில்லை. திருப்பூரில் அப்போது சாயப்பட்டறைகளுக்குத் தண்ணீர்ப் பஞ்சம். டேங்கர் லாரிகள் சுற்றுவட்டாரக் கிணறுகளையெல்லாம் தேடி வந்தன. வாழை வைத்து, தண்ணீர் விட்டு, காற்றுக்குப் பயந்து, தார் வெட்டி விற்பதைவிடத் தண்ணீரையே விற்பதில் லாபம் அதிகம். தமிழ்நாட்டில் விவசாய மின்சாரம் 1984இல் சிறு விவசாயிகளுக்கும் 1990இல் எல்லோருக்கும் இலவசமானது. வெள்ளாமைக்கென்று அரசு கொடுத்த அந்த மின்சாரத்தில் இறைத்து, லோடு கணக்கில் விற்றேன். ஆட்டோ ஸ்டார்ட்டர் மாட்டியிருந்ததால் நடுராத்திரி கரண்ட் வந்தாலும் மோட்டார் தானாக ஓடும். அப்பா காலத்தில் மாடு இளைத்தால் இறைப்பு நின்றது. என் காலத்தில் நிறுத்த எதுவும் இல்லை. நான் தூங்கும்போதும் தண்ணீர் போய்க்கொண்டிருந்தது.

மாமா காட்டை விற்றார். இப்போது அங்கே வீட்டுமனைக் கற்கள் நிற்கின்றன. குடும்பம் திருப்பூருக்குப் போனது. பனியன் கம்பெனி ஒன்றின் வாசலில் அவர் வாட்ச்மேன் நாற்காலியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்திருக்கிறேன். என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றார். இரண்டு வார்த்தை பேசிவிட்டு, வேலை இருக்கிறது என்று கிளம்பிவிட்டேன். அன்றைக்குச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. அவர் காலமாகிவிட்டார்.

என் போர் ஒன்றினால் மட்டும் ஊர் மாறவில்லை. என்னைப் பார்த்து இன்னொருவர் ஆயிரம் அடி போட்டார். அவரைப் பார்த்து வேறொருவர் அதற்கும் மேலே போனார். யாரிடம் பணமோ கடன் வாங்கும் வசதியோ இருந்ததோ, அவரிடம் தண்ணீர் தங்கியது. இல்லாதவர் காட்டை விட்டார். கடப்பாறையும் வெடிமருந்தும் கொண்டு பாறையில் கிணறு வெட்டிய குழுக்களுக்கு வேலை போனது. வெள்ளாமை சுருங்கியதும் களையெடுப்புக்குப் போன பெண்களுக்குக் கூலி போனது. மாடு குறைந்தது, எரு குறைந்தது. ஆழத்துத் தண்ணீரில் உப்பு ஏறி, பாய்ச்சிய மண்ணும் கெட்டது. இதே காலத்தில் பனியன் கம்பெனிகள் வளர்ந்து பலருக்கு வேலை கொடுத்தன என்பதும் உண்மை. காட்டை இழந்தவருக்குத் திருப்பூர் சோறு போட்டது. ஆனால் விரும்பிப் போவதும் வேறு வழியில்லாமல் போவதும் ஒன்றல்ல. மாமா வேறு வழியில்லாமல் போனவர். அந்த வழியை அடைத்தவன் நான்.

எனக்குள் நான் சொல்லிக்கொண்ட சமாதானங்களையும் எழுதிவிடுகிறேன். நான் போடாவிட்டால் இன்னொருவர் போட்டிருப்பார் என்பது ஒன்று. இருக்கலாம். அப்படியானால் பழி அவரைச் சேர்ந்திருக்கும். போட்டது நான். மழை இல்லாததால்தான் கிணறு வற்றியது என்பது இன்னொன்று. மழை இல்லாத வருடத்தில்தான் இருப்பதைப் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். நான் அந்த வருடத்தில்தான் பங்காளியின் பங்கையும் எடுத்தேன். மூன்றாவதாகச் சொல்லிக்கொண்டதுதான் என்னை அதிக நாள் காப்பாற்றியது. வளர்ச்சி என்றால் சிலர் பின்தங்கத்தான் செய்வார்கள், இது யார் கையிலும் இல்லை என்பது அது. படித்தவர்கள் சொல்லும்போது அது பெரிய உண்மை போலக் கேட்கும். ஆனால் அன்று இரவு அது என் கையில்தான் இருந்தது. வண்டி ஓட்டுநர் என்னிடம் கேட்டார், நான் பதில் சொன்னேன். எந்திரம் இரண்டு வழியையும் திறந்துதான் வைத்திருந்தது. வெடிப்பை அடைத்துவிட்டுப் போயிருந்தாலும் அதே எந்திரம்தான் போயிருக்கும்.

சொட்டுநீர்ப் பாசனம் வந்தபோதும் நான் திருந்தவில்லை. அரசு மானியத்தில் குழாய் பதித்தேன். பாதித் தண்ணீரில் அதே தென்னை நன்றாக வந்தது. மிச்சமான தண்ணீரைப் பூமியிலேயே விட்டிருக்கலாம். நான் தரிசாகக் கிடந்த காட்டையும் உழுது கூடுதலாகத் தென்னை வைத்தேன். மோட்டார் ஓடிய நேரம் ஒரு நிமிடம்கூடக் குறையவில்லை. சிக்கனம் செய்யும் கருவி கையில் இருந்தும் சிக்கனம் செய்யும் எண்ணம் எனக்கு இல்லை.

2017 வறட்சியில் என் போரும் வற்றியது. தென்னை காய்ந்து நின்ற அந்த வருடம்தான் கணக்கு எனக்கு முழுதாக விளங்கியது. இரண்டு குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகக் குடித்து, விதைத்து, மாடு வளர்த்திருக்க வேண்டிய தண்ணீரைப் பதினைந்து வருடம்கூட ஆகாமல் நான் ஒருவனே தீர்த்துவிட்டேன். அதில் வந்த பணத்தில் பெரும்பகுதி மேலும் மேலும் போர் ஓட்டுவதற்கே போனது.

இதை எழுதுவதற்கு முன் மாமாவின் மகனைத் தேடிப்போய், நுரை, பைப், பையனை வாய்மூடச் சொன்னது எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "அப்பா கடைசிவரைக்கும் தன் கைராசி சரியில்லைன்னே சொல்லீட்டு இருந்தாருங்க" என்றார். மன்னிப்பாரா என்று நான் கேட்கவில்லை. கேட்கும் உரிமை எனக்கு இருப்பதாகத் தோன்றவில்லை. ஆனால் தன்மேல் தவறே இல்லாத ஒரு மனிதரைத் தன்னையே நொந்துகொள்ளும்படி விட்டுவிட்டேன் என்பதை அந்த ஒரு வாக்கியத்தில் அறிந்தேன்.

மகாராஷ்டிராவில், முன்பு அகமத்நகர் என்று அழைக்கப்பட்ட மாவட்டத்தில், ஹிவ்ரே பஜார் என்று ஒரு ஊர் இருக்கிறது. எங்கள் ஊரைவிட மழை குறைவான இடம். போபட்ராவ் பவார் தலைமையில் அந்த ஊர்க்காரர்கள் பாசனத்துக்குப் போர் போடுவதில்லை என்று தாங்களே முடிவு செய்தார்கள். வருடாவருடம் பெய்த மழையை அளந்து, குடிக்க இவ்வளவு, மாட்டுக்கு இவ்வளவு, மீதியில் இன்ன பயிர் என்று கிராமசபையில் தீர்மானிக்கிறார்கள். பிழைக்க வெளியூர் போன குடும்பங்கள் அந்த ஊருக்குத் திரும்பி வந்தன. மழையை அளந்து பங்கு போடும் அந்த ஏற்பாடும் ஒரு கண்டுபிடிப்புத்தான். ரிக் வண்டியைத் தேடிப் பிடித்த எங்களுக்கு இதைத் தேடத் தோன்றவில்லை. புதிய கருவி பழைய எல்லையை உடைக்கும்போது, மாடு போட்டிருந்த எல்லையை மனிதர்கள் கூடிப் போட வேண்டும். அதைச் செய்யாத ஊரில் கருவியால் வரும் செல்வம் முந்திக்கொண்டவனுக்கும், அதனால் வரும் நட்டம் முந்தாதவனுக்கும் போய்ச் சேரும். நான் முந்திக்கொண்டவன்.

2024 ஆகஸ்டில் அத்திக்கடவு–அவிநாசித் திட்டம் நடப்புக்கு வந்தது. அரை நூற்றாண்டுக்கு மேல் எங்கள் பகுதி கேட்டுக்கொண்டிருந்த திட்டம். பவானியின் உபரிநீர் 1,045 குளம் குட்டைகளுக்குக் குழாய் வழியாக வருகிறது. எங்கள் ஊர்க் குட்டையிலும் தண்ணீர் நிற்கிறது. சுற்றியுள்ள கிணறுகளில் ஊற்று மெல்லத் திரும்புகிறது. அதைப் பார்த்துவிட்டு மறுபடியும் ரிக் வண்டிக்குச் சொல்லி வைப்பவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய மனக்கணக்கு எனக்கு நன்றாகத் தெரியும்.

வற்றிய போரின் வாயில் இப்போது மழைநீர் இறங்கும்படி சல்லியும் மணலும் போட்டு வடிகுழி அமைத்திருக்கிறேன். கூடுதலாக வைத்த தென்னையை எடுத்துவிட்டுச் சோளம் விதைக்கிறேன். எடுத்ததற்கு இது ஈடாகாது என்று தெரியும். கிராமசபையில் எழுந்து, கிணற்று நீர்மட்டத்தை மாதாமாதம் அளந்து பஞ்சாயத்துப் பலகையில் எழுதுவோம், பக்கத்துக் காட்டுக்காரர் சம்மதம் இல்லாமல் யாரும் போர் போட வேண்டாம் என்று கேட்டேன். சிலர் தலையாட்டினார்கள். ஒருவர், "நீங்க போட்டு முடிச்சுட்டீங்க, இப்ப எங்களுக்குச் சொல்றீங்களா?" என்று கேட்டார். கேள்வி நியாயமானது. சொல்வதற்கு எனக்குத் தகுதி இல்லைதான். ஆனால் அந்த நுரையை நேரில் பார்த்தவன் நான். அடுத்து யாராவது பார்த்தால், வண்டியை நிறுத்திவிட்டுப் பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதினேன்.